கையில் ஒன்று, மடியில் ஒன்று: இரண்டுக்கும் ஒரே கருவி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மாத வருமானம் ஒரே சீராக வராது. என் லேப்டாப்புக்கு ஏழு வயது. சார்ஜரைப் பிடுங்கினால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, எடையோ 2 கிலோவுக்கு மேல். வாரத்தில் இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் உண்டு. அந்த நேரத்தில் பிழை திருத்துவேன். இதைத் தள்ளிவிட்டு, கீபோர்டு மாட்டினால் லேப்டாப் ஆகிவிடும் 10 அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஒரே செலவில் இரண்டு பொருள் கிடைக்குமே! அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுக்கான பணம் வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுக்கலாமா, தவணையில் வாங்கலாமா?

பதில்: 'ஒரே செலவில் இரண்டு பொருள்' என்பதிலிருந்தே தொடங்குவோம். விளம்பரத்தில் டேப்லெட்டும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பில்லில் பெரும்பாலும் தனித்தனியாக வரும். 2018-ல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ நல்ல உதாரணம். அதன் கீபோர்டு உறை தனி விற்பனை, விலை டேப்லெட்டின் விலையில் ஏறக்குறைய கால் பங்கு. ஐபேடுக்கும் அதே கதைதான். லெனோவோவின் குரோம்புக் டூயட் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடுவது) மாதிரி பெட்டிக்குள்ளேயே கீபோர்டு வைத்துத் தருபவையும் உண்டு, ஆனால் குறைவு. கீபோர்டோடு பேனா, பென்டிரைவும் மானிட்டரும் செருக ஒரு யுஎஸ்பி ஹப் என்று சேர்த்துக்கொண்டே போனால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டேப்லெட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு 25, பேனா 15, மற்றவை 10. ஆக 150. நாலு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 37.50. அதே 150-க்கு ஒரு சாதாரண லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 25. எண்கள் உதாரணத்துக்குத்தான், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கருவிகளின் விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். எதை வாங்குவதாக இருந்தாலும் 'மொத்த விலை எவ்வளவு, எத்தனை வருடம் வரும்' என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

அந்த 'எத்தனை வருட'த்தில்தான் சிறிய டேப்லெட்டுகள் அடி வாங்குகின்றன. இவற்றில் ரேமும் பெரும்பாலும் சேமிப்பகமும் மதர்போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. பிற்பாடு கூட்ட முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது உள்ளே நுழைய அனுமதிச் சீட்டுதான், உட்கார இடம் இல்லை. நானே ஒருமுறை 64 ஜிபி கருவியை வாங்கிவிட்டு, ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் எதை அழிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். நிதி ஆலோசகர் செய்த சிக்கனம்! 8 ஜிபி ரேமும் 128 ஜிபி இடமும் இல்லாத விண்டோஸ் டேப்லெட்டைத் தொடாதீர்கள். சேமிப்பகம் இஎம்எம்சி (eMMC) என்று போட்டிருந்தால் யோசியுங்கள். லேப்டாப்புகளில் வழக்கமாக வரும் எஸ்எஸ்டி (SSD) சேமிப்பகத்தைவிட அது மெதுவானது.

ஆயுளை முடிப்பது எப்போதும் உடைசலாக இருக்காது. அந்த முதல் சர்ஃபேஸ் கோவின் சிப், விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கருவி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் காலாவதி. குரோம்புக்கில் 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருட அப்டேட் உண்டு. ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது. பழைய மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், அதன் ஆயுளில் சில வருடங்களை அலமாரியே தின்றிருக்கும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். மொழிபெயர்ப்பு என்றால் மூலம் ஒரு பக்கம், உங்கள் வரைவு ஒரு பக்கம். 10 அங்குலத் திரையில் அதைப் பக்கத்துப் பக்கம் வைத்து நாள் முழுக்க உழைத்தால் கண்ணுக்குச் செலவு வரும். மென்பொருளையும் பாருங்கள். ட்ராடோஸ் ஸ்டுடியோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது விண்டோஸில்தான் நிறுவப்படும். ஐபேடிலோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ முடியாது. அப்புறம், முதுகில் முட்டுக்கால் வைத்த டேப்லெட் மேஜையில் அழகாக நிற்கும். ஓடும் வண்டியில் மடியில் நிற்காது. மடியில் நிற்காத மடிக்கணினிக்கு ஏன் அந்தக் கூடுதல் காசு? எடை குறையுமே என்பீர்கள். முதலில் வந்த டூயட்டின் டேப்லெட் தனியாகச் சுமார் 450 கிராம். கீபோர்டும் பின்னுறையும் மாட்டினால் 900-ஐத் தாண்டும். மெல்லிய லேப்டாப்புகள் 1.2 கிலோவிலேயே கிடைக்கின்றன.

எனவே என் யோசனை கொஞ்சம் வேறு மாதிரி. நீங்கள் கேட்கும் இரண்டு பொருளில் லேப்டாப் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேஜையில் சார்ஜரோடு வைத்து வேலை செய்தால் பேட்டரி அரை மணி தாங்கினால் என்ன, ஐந்து நிமிடம் தாங்கினால் என்ன? அது விண்டோஸ் 11-ஐ ஏற்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ஏற்றால் அது மேஜையிலேயே இருக்கட்டும். (பேட்டரி உப்பி, அடிப்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே நிறுத்தி மாற்றிவிடுங்கள். அதில் பேரம் வேண்டாம்.) பயணத்துக்கு, படிக்கவும் திருத்தவும் மட்டும் போதுமான ஒரு சாதாரண டேப்லெட், ஒரு புளூடூத் கீபோர்டு. அந்தந்த மாடலுக்கென்று செய்த உறைக் கீபோர்டு அடுத்த டேப்லெட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் பொருந்தும்.

விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் கதை வேறு. வாடிக்கையாளர்களின் ஆவணங்களைப் பாதுகாப்பு அப்டேட் வராத கருவியில் வைத்திருக்கக் கூடாது. அப்போது எடை குறைந்த லேப்டாப்பாகவே வாங்குங்கள். டேப்லெட்டை மறந்துவிடுங்கள்.

பணம் எங்கிருந்து? சீரில்லாத வருமானம் உள்ளவருக்கு மூன்று மாதக் கையிருப்பே குறைவு. ஆறு மாதத்துக்கு ஏற்றச் சொல்லியிருப்பேன். சோறு போடும் கருவி அடியோடு நின்றுபோனால் அது அவசரம், தாராளமாக எடுக்கலாம். பேட்டரி தாங்கவில்லை என்பது அவசரம் அல்ல. டேப்லெட்டுக்கென்று தனியாக எட்டு, பத்து மாதம் ஒதுக்கிச் சேமியுங்கள். லேப்டாப்பே வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் தவணையைப் பாருங்கள். 'வட்டியில்லை' என்று சொன்னால், முழுப் பணம் கையில் கொடுத்தால் என்ன விலை, செயல்பாட்டுக் கட்டணம் (பிராசசிங் ஃபீ) எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி, வேறு பெயரில். தவணை ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். மாதத் தவணையை, உங்களுக்கு மிகக் குறைவாக வருமானம் வந்த மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள், நல்ல மாதத்தை வைத்து அல்ல.