ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய 'சி'
அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை, அவர்கள் படிக்கும் கல்லூரியின் ஆலோசனைக் குழு முதலில் நேர்காணல் செய்வதுண்டு. அங்கே அந்த 'சி' கிரேடைப் பற்றிக் குழு கேட்டால் மழுப்பாதீர்கள். இரண்டு வாக்கியத்தில் காரணம்; மூன்றாவதில், அதன்பின் படிக்கும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பது. பேராசிரியரைக் குறை சொன்னால் காரியம் கெட்டது.

அவர்கள் குடைவது பெரும்பாலும் உங்களை மடக்க அல்ல. மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும் குழுக் கடிதத்தில் (குழு உங்களுக்காக எழுதும் பரிந்துரை) அந்த கிரேடுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அதற்கான சரக்கைத் தேடுகிறார்கள்.

பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். 'ஆனால்' மூன்று முறை வந்தால் அது சாக்குப்போக்கு. கையோடு, ஆம்காஸ் (AMCAS, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பத்துக்காக எழுதிய செயல்பாடுகளையும் (15 வரை அனுமதி) ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாண்டில் நாலு நாள் போன தன்னார்வப் பணியில்தான் ஆள் திணறுவார்.

ஒன்று: இந்த நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் குழுவே கிடையாது. உங்கள் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.