தொகுப்பு என்றால் ஒட்டுத்துணி இல்லை

கேள்வி: நண்பர் இரண்டு சிடி கொண்ட ஒரு தொகுப்பு ஆல்பம் கொடுத்தார். முதல் சிடி ஆம்பியன்ட் என்ற மெதுவான சூழல் இசை, இரண்டாவது கோவா ட்ரான்ஸ் என்ற எலெக்ட்ரானிக் ஆட்ட இசை. முதலாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவதில் ஒரே 'டும் டும்'. ஆளுக்கொரு டிராக்காகப் பொறுக்கி ஒட்டிய இதை ஆல்பம் என்று சொல்லலாமா? அட்டையில் ஓம் வேறு!
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பொறுக்கி ஒட்டியது என்ற புகார் சினிமா பாட்டுத் தொகுப்புகளுக்குப் பொருந்தும். கோவா ட்ரான்ஸ் வளர்ந்ததே தொகுப்பாகத்தான். கோவாவின் அஞ்சுனா, வாகத்தோர் கடற்கரைகளில் விடிய விடிய நடந்த பார்ட்டிகளில் ஒரே கலைஞரின் ஆல்பத்தை முழுசாக ஓடவிட்டு யாரும் ஆடவில்லை. கோவா கில் போன்ற டிஜேக்கள், கைக்குக் கை மாறி வந்த டேப்புகளிலிருந்து ஒரு இரவைக் கோத்தார்கள். லண்டனில் 'கில்லிங் ஜோக்' என்ற ராக் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் யூத், 1993இல் டிராகன்ஃப்ளை என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கி 'ப்ராஜெக்ட் 2 ட்ரான்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். கடற்கரை இரவு ஒன்று கடைக்கு வந்துசேர்ந்த கதை அது.

டிராக்குகள் ஏன் எட்டு, ஒன்பது நிமிடம் ஓடுகின்றன, பல டிராக்குகள் ஏன் தாளமே இல்லாமல் தொடங்குகின்றன? கோவா வெயிலில் வினைல் தட்டு வளைந்துபோகும். அதனால் டாட் என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டை நம்பினார்கள். வினைல் என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாக ஓடவிடலாம். டாட்டில் அந்த வசதி கிடையாது. ஒன்று அடங்க வேண்டும், அப்புறம் அடுத்தது எழ வேண்டும். அதற்குத் தோதாக டிராக்கின் தலையிலும் வாலிலும் தாளமில்லாத நீண்ட ஒலி அலைகளை வைத்தார்கள். அந்த இடங்களை மட்டும் திரும்பக் கேளுங்கள்: உங்கள் முதல் சிடி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

சரி, 'டும் டும்'. நிமிடத்துக்கு 140 அடி விழும் அந்த டிரம், விரித்த பாய் மாதிரி. அதன் மேல் நெளிகிற ஒலியைப் பிடியுங்கள். அதைத் தருவது பெரும்பாலும் ரோலண்ட் டிபி-303 அல்லது அதைப் பின்பற்றிய கருவி. கிதார்காரர் தனியாகப் பயிற்சி செய்யும்போது துணைக்கு பேஸ் வாசிக்க 1981இல் வந்த வெள்ளிநிறச் சின்னப் பெட்டி அது. அந்த வேலைக்கு எடுபடவில்லை. 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் ஃபில்டர் குமிழைத் திருகினால், வாயை மூடி முனகுகிறவர் மெல்ல வாய் திறப்பது போல அதே ஸ்வரம் வேறு ஒலியாகிறது. ஒரு சுற்றுக்குப் பதினாறு ஸ்வரம். பல சுற்றுகளுக்கு அவை மாறுவதில்லை, அந்தத் திறப்புதான் மாறுகிறது. ஒன்பது நிமிடமும் அதைத் தொடர்ந்து போனால் 'ஒரே மாதிரி' என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆம்பியன்டில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தில் எழுதிய குறிப்பின் சாரமே, கவனித்துக் கேட்பவருக்கும் கவனிக்காமல் விடுபவருக்கும் இந்த இசை இடம் தர வேண்டும் என்பதுதான். உங்களுக்கு இரண்டாவது இடம் கிடைத்திருக்கிறது. முதலாவதையும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஓம், சிவன், கோவா என்று பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே பெயர் பட்டியலில் பெரும்பாலும் பிரிட்டன், ஜெர்மனி, இஸ்ரேல். அந்தப் பார்ட்டிகளில் மண்ணெண்ணெய் விளக்கும் பாயும் போட்டு விடியும்வரை சாயா விற்ற பெண்களுக்கு அட்டையில் ஒரு வரி நன்றிகூட நான் பார்த்ததில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது சிடியை ராத்திரி நல்ல ஹெட்போனில் போடுங்கள், முதலாவதை விடியற்காலை ஐந்து மணிக்கு, விளக்கைப் போடாமல். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பிரசுரிக்கிறேன்.