வீட்டை ஜாக்கி வச்சு தூக்கணுமா? முதல்ல இந்த கணக்க பாருங்க

கேள்வி: சார், எங்க வீடு தாழ்வான இடத்துல இருக்கு. 20 வருஷத்துல ரெண்டு தடவை முழங்கால் அளவு தண்ணி உள்ள வந்திருக்கு, ரெண்டாவது தடவை நாங்களே பட்டோம். வீட்ட தூக்கிடலாம்ங்கறார் கான்ட்ராக்டர், ஆனா அன்னைக்கு ஆன நஷ்டத்த விட ஒன்றரை மடங்கு கேக்கறார், சேமிப்பு மொத்தமும் போயிடும். ஹோம் லோன் இன்னும் 20 வருஷம் இருக்கு. தூக்கலாமா?

பதில்: சகோதரி, உங்க பயம் நியாயமானதுதான், ஒரு தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா அப்புறம் மழை சத்தம் கேட்டாலே தூக்கம் வராது. ஆனா இப்போதைக்கு தூக்க வேணாம்னுதான் சொல்வேன், ஏன்னு சொல்றேன்.

20 வருஷத்துல ரெண்டுன்னா தோராயமா வருஷத்துக்கு 10% வாய்ப்பு. இப்பதான வந்துச்சு, இனி 10 வருஷம் வராதுன்னு மட்டும் நினைக்காதீங்க, அடுத்த வருஷமும் அதே 10% தான், லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வர 88% வாய்ப்பு இருக்கு.

ஒரு வெள்ளத்தோட நஷ்டம் 100னு வைங்க, அப்ப வருஷத்துக்கு சராசரி 10. 20 வருஷத்துக்கு அத இன்னைய மதிப்புக்கு கொண்டுவந்தா, அதாவது வருஷா வருஷம் அந்த 10ஐ எடுக்க இன்னைக்கே 8% வட்டிக்கு எவ்ளோ போட்டு வைக்கணும்னு பாத்தா, 98 தான் வருது, காலத்துக்கும் கணக்கு போட்டா கூட 125 தான். நீங்க கொடுக்கப்போறது 150.

இப்ப சின்ன வேலைங்கள பாருங்க. சுவிட்ச் போர்டு, மீட்டர், மோட்டார் எல்லாத்தையும் இடுப்புக்கு மேல ஏத்தறது, சாக்கடை தண்ணி டாய்லெட் வழியா எதுத்து வராம நான்-ரிட்டர்ன் வால்வு போடறது, வாசலுக்கு கழட்டி மாட்டற தடுப்பு பலகை. இதுக்கு ஒரு 15 ஆகி நஷ்டம் பாதியா குறையுதுன்னு வச்சாலே மிச்சமாகறது 49, போட்டத விட மூணு மடங்குக்கு மேல. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, இதெல்லாம் பண்ணதுக்கு அப்புறமும் வீட்ட தூக்கினா அந்த 150 காப்பாத்தப்போறது இன்னும் குறையாம பாக்கி இருக்கற 49 நஷ்டத்த மட்டும்தான், பழைய 98ஐ இல்ல. தண்ணி மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பிச்சா அந்த பாக்கி நஷ்டமே 150ஐ தாண்டிடும், அப்ப தாராளமா தூக்குங்க.

பலகைய ரொம்ப உயரமா மட்டும் போடாதீங்க, வெளிய மூணு அடிக்கு மேல தண்ணி நின்னு உள்ள காலியா இருந்தா அழுத்தம் தாங்காம சுவரே விழலாம்.

இந்த கணக்கு பொருளுக்குதான், உயிருக்கு இல்ல. தண்ணி வேகமா ஏறற இடம், வீட்ல நடக்க முடியாத பெரியவங்க இருக்காங்கன்னா தூக்கறதோ வேற இடம் போறதோ, செலவு பாக்காம முடிவெடுங்க.

ஆறு மாச செலவுக்கான எமர்ஜென்சி பணத்த எதுக்காகவும் தொடாதீங்க, வெள்ளம் வந்த மாசம்தான் அது ரொம்ப தேவைப்படும். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தா அதுல வெள்ளம் கவர் ஆகுதா, வீட்டு சாமான் சேருதா, முதல்ல நம்ம கைக்காசு எவ்ளோ போகும்னு இந்த வாரமே பாலிசிய எடுத்து படிச்சிடுங்க.