‘டிஜிட்டல் கைது’ என்று போனில் மிரட்டினால் என்ன செய்வது?

அழைப்பைத் துண்டியுங்கள். வீடியோ அழைப்பிலேயே ஒருவரைக் கைது செய்து வைப்பது, அதாவது ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று, இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது.

என் பெரியப்பாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் சுவரில் அசோகச் சின்னம், மேசையில் கட்டுக் கட்டாகக் கோப்புகள். கதவைச் சாத்தச் சொன்னார்கள். பெரியம்மாவிடம்கூட மூச்சு விடக் கூடாதாம். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் பயம் கலைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியம்மா காபியோடு உள்ளே வந்து, “யார் அது, இந்த நேரத்தில்?” என்றார். அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது.

“சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்” என்று பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வது மோசடியேதான். அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும், பிறகு வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பணம் போகாவிட்டாலும், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.