வார்டுக்குப் போவதா, மேற்படிப்பில் சேர்வதா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நர்சிங் இறுதியாண்டு மாணவி. இன்னும் சில மாதங்களில் படிப்பு முடிகிறது. யாரைப் பார்த்தாலும் "அடுத்து என்ன?" என்றுதான் கேட்கிறார்கள்.

வகுப்பில் எனக்கு நல்ல மதிப்பெண். எங்கள் துறை மேடம், "கையோடு மேற்படிப்பை முடித்துவிடு. வேலைக்குப் போனால் புத்தகத்தைத் தொட நேரம் இருக்காது. சம்பளம் பழகிவிட்டால் மறுபடி படிக்க மனசும் வராது" என்கிறார். விண்ணப்பம் போடக் கடைசித் தேதி நெருங்குகிறது. அம்மாவோ, "கல்விக் கடன் இருக்கிறது. இரண்டு வருஷம் வேலை பார், அப்புறம் எது வேண்டுமானாலும் படி" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். போன போஸ்டிங்கில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி. நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர். பி.பி. சரியாக இருந்தது, காய்ச்சலும் இறங்கியிருந்தது. ஆனால் மூச்சு வேகமாகத் தெரிந்தது. வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 28. சார்ட்டில் அதற்கு முன் எல்லா நேரத்துக்கும் 20 என்றே எழுதியிருந்தது. பேச்சுக் கொடுத்தால் தெளிவாகத்தான் பதில் சொன்னார். ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க அவரால் முடியவில்லை. டியூட்டி சிஸ்டரிடம் போய், "அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது சிஸ்டர்" என்றேன். "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இப்படித்தான் பயப்படுவீங்க. மீதி வைட்டல்ஸை முடிச்சிட்டு வா" என்றார். அவருக்கும் அன்று வார்டு நிறைய நோயாளிகள். விடிவதற்குள் பெரியவரை ஐசியூவுக்கு மாற்றினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வார்டுக் கதவைத் தள்ளும்போதே வயிற்றைப் பிசைகிறது. மாணவியாக இருக்கும்போதே இப்படி என்றால், நானே பொறுப்பில் நிற்கும்போது என்ன ஆவேன்? அதை நினைத்தால் மேற்படிப்பே நல்லது என்று தோன்றுகிறது. இரண்டு வருஷம் வார்டு இல்லாமல் இருக்கலாம். அதற்குள் தைரியம் வந்துவிடும்.

நான் இந்த வேலைக்குத் தகுதியானவள்தானா? எதை முதலில் செய்யட்டும்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தகுதி இருக்கிறது. அதற்கான ஆதாரம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

பி.பி.யையும் நாடியையும் காய்ச்சலையும் கருவி சொல்லிவிடும். மூச்சை, பெரும்பாலான வார்டுகளில், ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனாலேயே வைட்டல்ஸ் என்ற இந்த அடிப்படை அளவீடுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும், எண்ணாமலே கண்ணால் பார்த்து எழுதப்படுவதும் அதுதான். ஆனால் நோயாளியின் நிலை மோசமாவதைப் பல நேரங்களில் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதே மூச்சுதான். பிரிட்டனில் 2012இல் வந்த தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், ஒவ்வோர் அளவும் எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண் கூடும்; மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஓர் அளவுக்கே உச்சமான 3 மதிப்பெண். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு 3 போதும், மருத்துவக் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் எண்ணியது 28. வாக்கியத்தை அவரால் ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கவனித்திருக்கிறீர்கள். வழக்கமான வைட்டல்ஸ் சார்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. அனுபவமுள்ள நர்ஸ்கள் பார்ப்பது இதைத்தான்.

அன்று உங்கள் கண் சரியாக வேலை செய்தது. நீங்கள் பார்த்தது சிஸ்டரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பயிற்சி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த, தகவலை ஒழுங்காகச் சொல்லும் 'எஸ்பார்' (SBAR) முறையை வகுப்பில் படித்திருப்பீர்கள்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. தேர்வுக்கு எழுதியதோடு விட்டுவிடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "சிஸ்டர், அந்தப் பெரியவருக்கு மூச்சு 28. நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், முந்தைய சார்ட்டில் 20. பேசும்போதே மூச்சு வாங்குகிறது, மோசமாகிறார் என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பார்க்கிறீர்களா, இல்லை டியூட்டி டாக்டரைக் கூப்பிடட்டுமா?" "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் கேட்பவர் உங்கள் பயத்துக்குத்தான் பதில் சொல்வார். எண்ணைச் சொல்லி, என்ன வேண்டும் என்றும் கேட்டுவிட்டால் எவ்வளவு வேலை இருந்தாலும் அவரால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மேற்படிப்பைப் பற்றி எழுதிய இடத்தில் என்ன பிரிவு, எதற்காக என்று ஒரு சொல்கூட இல்லை. வார்டு இருக்காது என்பது மட்டும் இருக்கிறது. அந்தப் பெரியவரைப் பற்றி எழுதும்போதோ ஒன்றும் விடுபடவில்லை.

பயம் தந்த இடத்தை விட்டு விலகினால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. விலகி இருக்கும் காலத்தில் தைரியம் தானாக வளர்வதை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே கதவைத் தள்ளப் போவீர்கள். அப்போது கையில் பெரிய பட்டம் இருக்கும், "மேற்படிப்பு முடித்தவர், இவருக்குத் தெரியும்" என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள், வார்டு அனுபவம் மட்டும் இன்றைக்கு இருக்கும் அளவே இருக்கும். அந்த நாள் இப்போதையதைவிடக் கடினமானது. ஆகவே என் கருத்து: முதலில் வேலை.

எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியிலோ பொதுச் சுகாதாரத்திலோ நிஜமாகவே ஆர்வம் உள்ளவர் நேராகப் படிக்கப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்று கவனிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அந்த வழியில் மேலே போக இடமும் இருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்துதான், நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையும் தரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பொறுப்பு உருவானது. இன்று அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் 2020 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. ஆக, மேற்படிப்பு உங்களுக்கும் தேவைப்படலாம். ஆனால் இவ்வகைப் படிப்புகளில் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். மயக்க மருந்துப் பிரிவு போன்றவற்றில் தீவிர சிகிச்சை அனுபவம் இல்லாமல் சேரவே முடியாத இடங்களும் உண்டு.

"நானே பொறுப்பில் நிற்கும்போது என்ன ஆவேன்" என்று கேட்டீர்கள். முதல் வருஷம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரியில் கற்ற நர்சிங்குக்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் புதியவர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று நர்சிங் ஆய்வாளர் மார்லின் க்ரேமர் 1974இலேயே விரிவாக எழுதினார். அதற்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்று பெயரும் வைத்தார். 1984இல் இன்னொரு நர்சிங் ஆய்வாளரான பட்ரீசியா பென்னர், நர்ஸ் ஒருவர் புதியவரில் தொடங்கி நிபுணர் வரை ஐந்து படிநிலைகளில் வளர்வதாக எழுதினார். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருஷம் இருந்த பிறகுதான் மூன்றாவது நிலையான 'திறமையானவர்' என்ற இடம் வருகிறது என்பது அவர் கணக்கு. அதாவது சேர்ந்த ஆறாவது மாதத்தில் கை நடுங்கினால், நீங்கள் இருக்க வேண்டிய படியில்தான் இருக்கிறீர்கள்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதோடு, புதியவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு சீனியரை எத்தனை வாரம் ஒதுக்குவார்கள், நைட் டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், போன வருஷம் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் அங்கே வேலை செய்யும் யாராவது ஒரு அக்காவிடம் தனியாக விசாரியுங்கள். நோயாளி எண்ணிக்கை சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழு 2002இல் வெளியிட்ட முடிவில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. நர்ஸ்களின் மனச்சோர்வும் கூடவே ஏறியது. அன்று உங்கள் சிஸ்டர் ஏன் அப்படிப் பேசினார் என்பதற்கும் ஓரளவு விடை இதில் இருக்கிறது.

மேடம் சொல்லும் பயமும் பொய்யில்லை. ஷிப்ட் வேலையில் படிப்பு நழுவிப்போனவர்கள் இருக்கிறார்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் நழுவும். எந்த ஆண்டு விண்ணப்பிப்பேன் என்பதை இப்போதே குறித்து அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். கடனை அடைப்பதோடு படிப்புக்கென்று ஒரு தொகையையும் மாதாமாதம் ஒதுக்குங்கள். வார்டு பார்த்துவிட்டுப் படிக்க வருபவர்களுக்கு ஒரு பாடத்தைப் படித்தால் ஒரு நோயாளியின் முகம் நினைவுக்கு வரும். அதுவும் ஒரு பலம். இந்த ஆண்டே விண்ணப்பம் போட்டு வைக்கவும் செய்யலாம். இடம் கிடைத்தால் சேர்வதைத் தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடமிடம் அந்த இரவைப் பற்றியும் சொல்லுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத்தான் அவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். நடந்தது தெரிந்தால், மீதியிருக்கும் போஸ்டிங்கில் உங்களோடு நிற்க நல்ல சீனியர் ஒருவரை அவரே ஏற்பாடு செய்யக்கூடும்.

வயிற்றைப் பிசைவது சில வாரங்களில் குறையாமல் போனாலோ, தூக்கம் கெட்டாலோ, அந்த இரவு திரும்பத் திரும்ப மனதில் ஓடினாலோ, ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். கல்லூரியில் மாணவர் ஆலோசகர் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். தேர்வு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆலோசகர்