டோ பண்ணிய வண்டிக்கு அடிபட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: தெற்கு மாசி வீதியில் ஒரு துணிக்கடைக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி டோக்கன் கொடுத்து, "எதிர்ச் சாரியில போட்டுட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். திரும்பி வந்தால் பைக் இல்லை, போலீஸ் ரெக்கவரி வண்டி தூக்கிப் போய்விட்டது. 500 ரூபாய் சலான் போட்டார்கள். இழுத்து வந்த கூலி என்று தனியாக ரொக்கமும் வாங்கினார்கள், அதற்கு ரசீது இல்லை. வலது இண்டிகேட்டர் உடைந்து, டேங்கில் ஆழமாகக் கீறல் விழுந்திருக்கிறது. மெக்கானிக் 3,800 ரூபாய் கேட்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாமா? (வாசகர், ஆரப்பாளையம், மதுரை)

போடலாம். ஆனால் போலீஸ் மேல் இல்லை, துணிக்கடை மேல்.

வண்டியைத் தூக்கியது போலீஸ், உடைத்தது போலீஸ் ஏற்பாடு செய்த வண்டி, அப்படியிருக்க கடைக்காரர் மேல் எப்படி என்று தோன்றும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019ஐப் பொறுத்தவரை விலை கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ பெறுகிறவர்தான் நுகர்வோர். நீங்கள் போலீசுக்குக் கட்டியது அபராதம், எந்தச் சேவைக்குமான விலை இல்லை. என் வண்டியைத் தூக்கிப் போங்கள் என்று நீங்கள் ஆர்டர் கொடுக்கவும் இல்லை. சட்டம் கொடுத்த கடமையைச் செய்கிற அமைப்பு ஒரு கட்டணம் வாங்கிவிட்டது என்பதற்காகவே அது சேவை விற்கிறது என்று ஆகிவிடாது என்பதை, பீகார் பள்ளித் தேர்வு வாரியத்தின் வழக்கில் 2009ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது, அங்கே விஷயம் தேர்வுக் கட்டணம். போலீஸ் மேல் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டால் முதல் வாய்தாவிலேயே இந்த வாதம்தான் வரும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அதற்காகப் போலீஸ் பக்கம் கேள்வியே கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127வது பிரிவுதான் டோயிங்குக்கு அடிப்படை. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கிற வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கிற வண்டியையும் அப்புறப்படுத்தவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்குட்பட்ட, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். "10 மணி நேரம் ஆகாமல் தூக்கக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி அரைகுறை. அந்தக் கணக்கு கைவிடப்பட்ட வண்டிக்குத்தான், நோ பார்க்கிங் வண்டியை அஞ்சாவது நிமிஷமே தூக்கலாம். இழுத்த செலவு வண்டிக்காரர் தலையில்தான் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, அவர்கள் பணம் கேட்டது தப்பில்லை, ரசீது தராததுதான் தப்பு.

போர்டு இல்லையே என்பது அடுத்த வாதமாக வரும். போர்டே இல்லாத இடத்திலும் நடைபாதை, சந்திப்பு, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல், ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கவாட்டில் என்று பல இடங்களில் நிறுத்த 2017ன் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளே தடை போடுகின்றன. நம் மாசி வீதிகளில் இதில் எதிலும் சிக்காத ஒரு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். சலானை எதிர்த்து நிற்க ஆசை இருந்தால் பணம் கட்டாமல் கோர்ட்டில்தான் பார்க்க வேண்டும், கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொண்டதாகி விஷயம் முடிந்துவிடும். நீங்கள் கட்டிவிட்டீர்கள், அதை விடுங்கள். 500 ரூபாய்க்காக ரெண்டு நாள் சம்பளத்தை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அபராதம் வேறு கணக்கு, உடைந்த இண்டிகேட்டர் வேறு கணக்கு. அபராதம் கட்டியதால் சேதத்துக்கு நஷ்ட ஈடு கேட்கிற உரிமை போய்விடாது. சட்டப்படி பிடித்து வைத்த வண்டியானாலும், கையில் இருக்கும் வரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1967லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஜூனாகத்தில் சுங்க அதிகாரிகள் ஒருவருடைய ரெண்டு லாரியையும் ஒரு ஸ்டேஷன் வேகனையும் பறிமுதல் செய்து, கவனிப்பில்லாமல் போட்டு வைத்து, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே ஏலத்தில் விட்டுவிட்டார்கள். அந்த வழக்கில் குஜராத் அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இந்த வழியில் போனால் அது சிவில் கோர்ட். அரசு மேல் வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவின்படி ரெண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு சட்டத்தின் பேரில் செய்த காரியத்தால் வந்த நஷ்டத்துக்குக் காலவரம்புச் சட்டம் தருவது ஒரு வருஷம்தான், மூணு வருஷம் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. வண்டி கார் என்றாலோ, சேதம் ஐம்பதாயிரம் என்றாலோ இதைச் செய்யச் சொல்வேன். 3,800க்கு வேண்டாம். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போட்டோ, மெக்கானிக் எஸ்டிமேட் இணைத்து ஒரு புகார் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு: அந்தத் தேதியில் என் வண்டியை அப்புறப்படுத்த அனுமதித்த அதிகாரியின் பதவி, டோயிங் கட்டண விகிதம், ஒப்பந்தக்காரர் இருந்தால் ஒப்பந்த நகல், என்னிடம் வாங்கிய கட்டணத்துக்கான ரசீது நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிய பணத்துக்கு எழுத்தில் பதில் சொல்வது யாருக்கும் சுகமான வேலை இல்லை, அதனால் மனு போன பிறகு பேச்சு மாறும்.

சரி, துணிக்கடைக்கு வருவோம். அங்கே நீங்கள் வாடிக்கையாளர், பில் இருக்கிறது. அவர்கள் ஆள்தான் இடம் காட்டினார், டோக்கன் கொடுத்தார், பார்த்துக்கொள்கிறோம் என்றார். "பார்க்கிங் இலவசம், அதனால் பொறுப்பில்லை" என்பார்கள். டில்லியில் 1998ல் தாஜ் மஹால் ஹோட்டலில் வேலே பார்க்கிங்குக்கு (ஹோட்டல் ஆளே வண்டியை வாங்கி நிறுத்துவது) சாவி கொடுத்த ஒருவரின் மாருதி ஜென் காணாமல் போனது. ஹோட்டலும் இதே வாதத்தைத்தான் வைத்தது, டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருப்பதையும் காட்டியது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ரெண்டையும் ஏற்கவில்லை. பார்க்கிங்குக்குத் தனியாகக் காசு வாங்காவிட்டாலும், சாப்பாட்டுக்கும் அறைக்கும் வாங்குகிற விலையிலேயே அது அடங்கியிருக்கிறது, தன் ஆட்களின் அலட்சியத்தை ஒரு அச்சு வரி வைத்து மூடிவிட முடியாது என்றது. நம்ம ஊர் சைக்கிள் ஸ்டாண்டுகளில், உள்ளே இடமில்லை என்று டோக்கன் கொடுத்துவிட்டு வண்டியை ரோட்டில் வரிசை கட்டுகிறார்களே, அங்கே காசும் வாங்கிவிடுவதால் ஸ்டாண்ட்காரரின் பொறுப்பு இன்னும் தெளிவு.

உங்கள் வழக்கில் ஒரு பலவீனம் உண்டு. சாவி உங்களிடமே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாவியை ஒப்படைத்தால் வண்டியே அவர்கள் கைக்குப் போனதாகிறது, வெறும் இடம் காட்டியதற்கு அந்த வலு இல்லை. அதனால் டோக்கனைத் தொலைத்துவிடாதீர்கள், உங்கள் முழு வழக்கும் அந்தத் துண்டுச் சீட்டில்தான் நிற்கிறது. செக்யூரிட்டி இடம் காட்டுவது எதிர்க்கடை கேமராவில் பதிவாகியிருக்கலாம். இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

முதலில் கடைக்கு ரிஜிஸ்டர்டு தபாலில் ஒரு கடிதம். நடந்தது, தேதி, டோக்கன் எண், பில் எண், ரிப்பேர் தொகை, 15 நாள் அவகாசம். கூட்டமான சீசனில் இது கிடைத்தால் பல கடைகள் போனில் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்ததிலிருந்து ரெண்டு வருஷம் அவகாசம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். ரிப்பேர் செலவு, ஆட்டோ செலவு, அளவான ஒரு மன உளைச்சல் தொகை கேளுங்கள். 3,800க்கு 5 லட்சம் கேட்டு எழுதினால் ஆணையத்தில் முகம் சுளிப்பார்கள்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றும் யோசிப்பீர்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் கிடையாது. முழு பாலிசியானாலும் இந்தத் தொகைக்கு நோ கிளெய்ம் போனஸை இழப்பது நஷ்டம்.

வேறு யாருக்காவது நாளைக்கு இது நடந்தால்: வண்டியைக் கையில் வாங்கும் முன், அது நிற்கிற இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வெளியே கொண்டுவந்த பிறகு எடுத்தால், வழியில் நீங்களே இடித்தது என்பார்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். எதுவும் இல்லாமல் போனால் பார்க்கிங் அபராதத்தோடு இன்னும் ரெண்டு மூணு சேரும். கையெழுத்துக் கேட்டால் அதன் பக்கத்திலேயே "இண்டிகேட்டர் உடைந்த நிலையில் பெற்றேன்" என்று எழுதிப் போடுங்கள்.

அப்புறம், திருமங்கலம் பைபாஸில் வண்டி நின்றுபோய் நீங்களே கூப்பிட்ட தனியார் ரெக்கவரி என்றால் கதையே வேறு. அது காசு கொடுத்து வாங்கிய சுத்தமான சேவை, பேசிய தொகைக்கு மேல் கேட்டாலும், பில் தர மறுத்தாலும், தூக்கும்போது பம்பரை உடைத்தாலும் நேராக நுகர்வோர் ஆணையம்தான். லோடு ஆட்டோ வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கும் இந்த உரிமை உண்டு, வியாபார வண்டி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. நான்கு வழிச்சாலையில் நின்றால் முதலில் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் போடுங்கள், யாரென்று தெரியாத ரெக்கவரி வண்டி தானாக வந்து நின்றால் கொக்கி மாட்டும் முன்பே தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.