கடற்கரை மணலில் ஊர்த்தோட்டம்: ரீச்சரிடம் கேட்டவை

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்தில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பூட்டி வைத்திருந்த 18 பேர்ச் வளவில் அயலவர்கள் சேர்ந்து தோட்டம் செய்யத் தொடங்கி ஏழு வருடமாகிறது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மண்வெட்டி பிடிக்கப் பழகியது அதற்குப் பிறகுதான். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ரீச்சர், பேர்மாகல்ச்சர் என்பது சேதனப் பசளை போட்டுச் செய்கிற தோட்டம்தானே? ஏன் புதுப்பெயர்? (ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி)

சேதனப் பசளை அதில் ஒரு பகுதி மட்டும்தான் தம்பி. 1970களில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பில் மொலிசன், டேவிட் ஹோம்கிரென் என்ற இருவர் வைத்த பெயர் இது. மரம், கொடி, கோழி, கிணறு, கூரைத் தண்ணீர், ஆட்கள் நடக்கும் பாதை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று உதவும்படி இடம்பார்த்து வைப்பதுதான் அதன் சாரம். கிணற்றடியில் வாழை வைத்து, குளிக்கிற தண்ணீரை அதற்கு வெட்டிவிட்ட நம் வீட்டுப் பெரியவர்கள் பெயர் தெரியாமலே இதைத்தான் செய்தார்கள். பெயரைப் பற்றி நான் சண்டை பிடிப்பதில்லை.

எங்கள் இடம் வெறும் கடற்கரை மணல். கத்தரி வைத்தோம், கருகிவிட்டது. மண் ஏற்றிப் பரப்பலாமா? (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள்)

மண் ஏற்ற வேண்டாம் மகள். ட்ரக்டர் கூலிக்கே காசு போய்விடும். கொட்டிய மண்ணும் இரண்டு மாரிக்குள் மணலோடு கலந்து காணாமல் போய்விடும்.

முதல் நாள் எல்லாரையும் கூட்டி இதைச் செய்து காட்டுங்கள். இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டி, கவிழ்த்துப் பிடியுங்கள். ஒன்றில் உங்கள் மணல், மற்றதில் அதே மணலோடு பாதிக்குப் பாதி மக்கிய கூட்டெரு. இரண்டிலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் போத்தலில் ஊற்றிய கை எடுப்பதற்குள் கீழே ஒழுகத் தொடங்கிவிடும். மற்றது யோசித்து யோசித்துத்தான் சொட்டும். எங்கள் வளவில் இதைப் பார்த்த ஒரு மீன்கார அண்ணன், 'அப்ப நாம இவ்வளவு நாளும் கிணத்துக்குத்தானா பசளை போட்டோம்' என்று கேட்டார். அதேதான். மணலில் போடும் யூரியா மழையோடு நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்குப் போகிறது. கற்பிட்டியில் வெங்காயச் செய்கைக்காரர்களின் கிணறுகளில் நடந்ததும் இதுதான். நாம் குடிக்கும் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது.

ஆகவே மணலுக்குள் ஈரம் பிடிக்கிற பொருளை வைக்க வேண்டும். இங்கே அதற்குப் பொச்சுமட்டையை விட மலிவானது இல்லை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான் வெட்டுங்கள். மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வையுங்கள். அதன் மேல் வேலிக்கு ஊன்றும் கிளிசரியா மரத்தின் இலை, மாட்டெரு, கொஞ்சம் உமிக்கரி போட்டு மணலால் மூடி, மேலே கூட்டெருவும், காய்ந்த சருகு பரப்பி மூடுபடையும். உமியைச் சுடும்போது கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். வெண்சாம்பலாகிவிட்டால் கரியின் பயன் போச்சு. தும்புச்சோறு வாங்குவதாக இருந்தால், வாவியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். அதில் உப்பு இருக்கும், நன்றாகக் கழுவித்தான் போட வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற உயர்த்திய பாத்தியைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். கோடையில் மணலில் உயர்த்திய பாத்தி அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடும். கோடைக்கு அரையடி பள்ளமான பாத்திதான் சரி. மாரியிலோ நிலத்தடி நீர் மேலே வந்து பள்ளத்தில் வேர் அழுகும், அப்போது மேட்டுப்பாத்தி வேண்டும். நாங்கள் ஒரு வரிசை மேடு, ஒரு வரிசை பள்ளம் என்று வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்ப மாறிமாறி நடுகிறோம்.

எப்போது தொடங்குவது? ஆடியில் இலவசக் கன்று தருகிறார்கள். (தாழங்குடாவிலிருந்து ஒருவர்)

வாங்காதீர்கள். எங்கள் முதல் வருடம் இப்படித்தான் ஓரிடத்தில் இருநூறு கன்று தந்தார்கள், ஆசையில் வாங்கி நட்டோம். கச்சான் காற்று ஒரு கிழமை வீசியது. மிஞ்சியது பதினொன்று, அதில் நான்கு எருக்கலை, அது தானாக முளைத்தது.

மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டுச் சூடேறி வறண்டு இறங்குகிற காற்றுதான் நமக்குக் கச்சான். கடல் பக்கம் மட்டும் வேலி அடைத்துவிட்டு மேற்குப் பக்கத்தைத் திறந்து வைக்கிறவர்கள் அதிகம். கடலுப்புக் காற்றுக்குக் கிழக்கிலும் மறைப்பு வேண்டும்தான், ஆனால் செடியை உறிஞ்சிக் கொல்வது மேற்குக் காற்று. அந்தப் பக்கம் பூவரசு, கிளிசரியா, உள்ளே வாழை என்று மூன்று அடுக்கு வையுங்கள். கிளிசரியாத் தடியை ஐப்பசி மழை தொடங்கும்போது ஊன்றினால் பராமரிப்பே வேண்டாம். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005இல் அரசாங்கமே அறிவித்த மரம் அது. வேலி, பசளை, விறகு மூன்றும் தரும்.

ஆடி, ஆவணியில் செய்ய வேண்டியது மட்டை சேர்ப்பதும் கூட்டெருக் குவிப்பதும்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். 2004 சுனாமிக்குப் பிறகு இப்படித்தான். தோட்டம் சாத்தியமா ரீச்சர்? (திருக்கோவிலிலிருந்து ஒரு அக்கா)

சாத்தியம் அக்கா, ஆனால் மோட்டரைக் கொஞ்சம் மறக்க வேண்டும். உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் நம் மணலுக்குள் உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டரால் இறைத்து மட்டத்தைச் சற்று இறக்கினாலும் அடியிலிருந்து உப்பு மேலேறுகிறது. சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று விடாமல் இறைத்து, சில இடங்களில் உப்பைக் கூட்டிக்கொண்டதும் நடந்தது.

வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள். மாலையில் அடிமரத்துக்கு ஊற்றுங்கள், இலையில் தெளிக்கக் கூடாது. மூடுபடை கனமாக இருந்தால் ஆவியாதல் குறையும், உப்பும் மேலே படியாது. அப்புறம் கூரைத் தண்ணீர். 50 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தாலே ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்துவிடும். மட்டக்களப்புக்கு வருடத்தில் 1,600 மில்லிமீற்றருக்கு மேல் கிடைக்கிறது, பெரும்பகுதி மாரியில்தான். அதைச் சேர்த்து நாற்றுக்கும் மிளகாய்க்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உவர்நீரைத் தாங்குகிற தென்னை, சப்போட்டா, பீற்றூட், கீரை வகைகளுக்குக் கிணற்றுநீர் போதும். பயற்றையை மாரிக்கு மட்டும் வையுங்கள்.

முதல் நாள் சிரமதானத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் கிழமை நானும் என் தம்பியும்தான். என்ன செய்வது? (ஆரையம்பதியிலிருந்து ஒருவர்)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. எங்களுக்கும் 23 பெயர் எழுதி, கடைசியில் ஆறு பேர் நின்றோம். அந்த ஆறு பேரை வைத்துத்தான் தோட்டம் வளர்ந்தது, அதனால் முதலில் பதறாதீர்கள்.

எங்கே பிழை விட்டோம் என்று பிறகுதான் புரிந்தது. ஞாயிறு முழுநாள் வேலை என்று வைத்திருந்தோம். ஞாயிறு ஒருவருக்குக் கோயில், ஒருவருக்குத் தேவாலயம், பிள்ளைகளுக்கு ரியூசன். சனிக்கிழமை காலை ஆறு முதல் ஏழரை வரை, அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை என்று மாற்றினோம். முடிவில் பிளேன்ரீயும் அவித்த மரவள்ளியும். நேரத்துக்கு முடியும் என்று தெரிந்தால் ஆட்கள் வருகிறார்கள்.

வேலையைப் பொதுவாக விடாதீர்கள். 'எல்லாரும் தண்ணி ஊத்தணும்' என்றால் யாரும் ஊற்றமாட்டார்கள். கிணற்றுக் கட்டில் கரியால் கிழமையும் பெயரும் எழுதி வைத்தோம், செவ்வாய் யார், வியாழன் யார் என்று. குனிய முடியாத ஒரு அப்பாச்சிக்கு விதைப் பேணிகள் பொறுப்பு. வேம்படியில் கதிரை போட்டிருந்து சாம்பல் கலந்து விதை கட்டுவார். இன்றுவரை ஒரு விதைகூட வண்டு குத்தியதில்லை.

விளைச்சலைப் பிரிப்பதில்தான் பெரும்பாலான தோட்டங்கள் உடைகின்றன. எங்களுக்கும் ஒரு பப்பாசிப் பழத்தில் இரண்டு வீடு ஒரு மாதம் பேசவில்லை. இப்போது முறை இதுதான்: பறிப்பது சனிக்கிழமை மட்டும். கிணறு தந்த வீட்டுக்கு முதல் பங்கு, வந்து வேலை செய்தவர்களுக்கு அடுத்தது, மிச்சம் வேலியோரம் பெட்டியில், தெருவில் போகிற யாரும் எடுக்கலாம். விற்பதில்லை. காசு வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் கூட்டம் வரும். இது என் கருத்து. விற்று நன்றாக நடத்துகிறவர்களும் இருப்பார்கள்.

கட்டாக்காலி மாடு! (வாழைச்சேனை, செங்கலடி, அக்கரைப்பற்று என்று பல இடங்களிலிருந்து)

முள்ளுக்கம்பி மட்டும் போதாது, பசித்த மாடு தலையால் தள்ளிவிடும். கிளிசரியா, கிளுவைத் தடிகளை அரையடிக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றி, குறுக்கே தென்னம்பாளையால் கட்டுங்கள். வேர் பிடித்தபின் அசையாது. அதுவரை ஒரு வருடம் கிடுகு. படலையைத் தானாகச் சாத்துகிற மாதிரிச் சாய்த்துக் கட்டுங்கள். எங்கள் தோட்டத்துக்குள் மாடு வந்த மூன்று தடவையும் வேலி உடைந்து வரவில்லை, ஆட்கள் படலையைத் திறந்து விட்டுப் போனதால் வந்தது.

மாட்டுக்காரரோடு கோபிக்கவும் வேண்டாம். எரு அவரிடமிருந்துதான் வருகிறது.

கூட்டெருக் குவியல் மணக்கிறது, பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்கிறார்கள். டெங்கு வரும் என்றும் சொல்கிறார்கள். (மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு பிள்ளை)

மணந்தால் ஈரமும் பச்சையும் கூடிவிட்டது என்று பொருள். காய்ந்த சருகோ வைக்கோலோ போட்டுக் கிளறிவிடுங்கள், இரண்டு நாளில் மணம் போய்விடும். மீன் கழிவு போடுவதானால் நடுவில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் ஊர் நாய் எல்லாம் வந்துவிடும். இரண்டு முழ உயரத்துக்காவது குவித்தால்தான் உள்ளே சூடு ஏறும். நான் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திவைப்பேன். பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பிடிக்கும்போது கை சுட்டால் வேலை நடக்கிறது. வெறுமனே வெதுவெதுப்பு என்றால் கிளற வேண்டும். வாவியில் அள்ளிய ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) போடலாம், ஒரு நாள் வெயிலில் வாடவிட்டு. நகரக் கழிவுக் கான் விழுகிற இடத்தில் அள்ளாதீர்கள்.

டெங்கு என்பது நியாயமான பயம். நுளம்பு பெருகுவது குவியலில் இல்லை, திறந்த தண்ணீர்ப் பரலிலும் சிரட்டையிலும்தான். பரலுக்கு வலை கட்டுங்கள், சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், சுகாதாரப் பரிசோதகர் வரும்போது நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தி எங்கள் வயலைக் கெடுத்தார்கள். அதையே இப்போது தோட்டத்தில் செய்யச் சொல்கிறீர்களே? (படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி)

உங்கள் கோபம் சரி ஐயா. வைகாசியில் இறக்குமதியை நிறுத்தி, கார்த்திகையில் திருப்பித் திறந்தார்கள். ஆறு மாதத்தில் எந்த மண்ணும் மாறாது. எங்கள் 18 பேர்ச்சுக்கே மூன்று மாரி தேவைப்பட்டது, அதுவும் யாருடைய வருமானமும் அதில் தங்கியிருக்கவில்லை. நெல் வேளாண்மைக்கு இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டோரத்து மரக்கறிக்குச் செய்து பாருங்கள். உங்களுக்குக் களிமண், ஆகவே நான் மணலுக்குச் சொன்ன மட்டைக் கான் வேண்டாம், வடிகால்தான் வேண்டும். யானை வருகிற இடமானால் வாழையை வீட்டருகில் வைக்காதீர்கள்.

விதையை வாங்குவதா, எடுத்து வைப்பதா? காணிக்கு யாரிடம் போவது? (பொத்துவிலிலிருந்து இரண்டு கேள்வி)

பயற்றை, கத்தரி, வெண்டி எடுத்து வைக்கலாம். கலப்பின விதையில் வந்த செடியானால் வேண்டாம், பிள்ளை தாயைப்போல் வராது. பூசணி இனங்கள் பக்கத்து வளவோடும் கலந்துவிடும், கையால் மகரந்தம் சேர்த்துப் பூவைக் கட்டினால்தான் இனம் நிற்கும்.

காணிக்கு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். தனியார் காணியானால் எத்தனை வருடம், மரம் யாருக்கு என்பதைக் கடுதாசியில் எழுதி வாங்குங்கள். விவசாயப் போதனாசிரியரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். பொத்துவிலிலிருந்து இந்தப் பக்கம் வந்தால் இரண்டு வெற்று உரப்பை கொண்டு வாருங்கள், புரட்டாதிக்குப் பிறகு கிளிசரியாத் தடி வெட்டிக் கட்டித் தருகிறேன்.